கம்பர்நால்டில் ஒருத்தி பந்தாட வந்தாள்

1982ஆம் ஆண்டு பிரிட்டிஷ் திரைப்பட அகாதெமியின் சிறந்த திரைக்கதை விருதுக்கு நான்கு பேர் போட்டியில் இருந்தார்கள். ஒருவர் ஹெரால்ட் பின்டர், 'தி ஃபிரெஞ்ச் லெஃப்டினன்ட்ஸ் வுமன்' படத்துக்காக. இன்னொருவர் காலின் வெல்லண்ட், 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்துக்காக; அதே ஆண்டு ஆஸ்கரையும் வாங்கியவர். மூன்றாமவர் அமெரிக்க நாடக ஆசிரியர் ஜான் குவேர். நான்காமவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரரான பில் ஃபோர்சைத். ஏறக்குறைய இரண்டு லட்சம் பவுண்டில், பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்திருந்தார். விருது ஃபோர்சைத்துக்குப் போனது.

படத்தின் பெயர் 'கிரெகரிஸ் கேர்ள்'. 1981இல் வெளிவந்தது. அன்றுமுதல் இன்றுவரை இந்தப் படத்தைத் திட்டியவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் அதற்குக் கிடைத்த பாராட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விமர்சகர்கள் பலரும் ஒரே தட்டில் வைத்துப் பேசினார்கள்: அழகான சின்னப் படம், இதமான படம், மனசுக்கு இனிய படம். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் இப்படிச் சொல்லிச் சொல்லியே அதற்குள் இருக்கும் கறாரான கைவேலையைப் பார்க்காமல் கடந்துபோய்விட்டார்கள் என்பது என் எண்ணம். ஒருவரைக்கூடக் கேவலப்படுத்தாமல் ஒன்றரை மணி நேரம் சிரிக்கவைப்பது சாமானிய வேலை இல்லை. பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய நகைச்சுவை என்றாலே குண்டுப் பையன், திக்குவாய், முகப்பரு, கண்ணாடி போட்ட பெண் என்று யாரையாவது பலிகொடுத்துத்தான் சிரிப்பு வரவழைப்பார்கள். இந்தப் படத்தில் பலியே கிடையாது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். கிரெகரி வளர்த்தி மட்டும் வந்து வகை வராத பையன். பள்ளிக் கால்பந்து அணியில் முன்கள ஆட்டக்காரன். அணி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. பயிற்சியாளர் புது ஆட்களைத் தேர்வுசெய்யக் கூப்பிட, டோரதி என்ற பெண் வந்து நிற்கிறாள். இது பையன்களுக்கானது என்று அவர் இழுக்கிறார். அவள் நகரவில்லை. ஓடச் சொன்னால் எல்லாரையும் முந்தி ஓடுகிறாள், உதைக்கச் சொன்னால் பந்து வலையில் போய் விழுகிறது. அணியில் எடுக்காமல் இருக்க வழியே இல்லை. கிரெகரியின் இடம் அவளுக்குப் போகிறது, கிரெகரி கோல்கீப்பராகிறான், ஏற்கெனவே கோல்கீப்பராக இருந்த ஆண்டி வெளியே போகிறான். தன் இடத்தைப் பறித்தவள்மேல் கிரெகரிக்குக் கோபம் வரவில்லை, காதல் வருகிறது. அவ்வளவுதான் கதை.

இந்தப் படத்தைப் போற்றியவர்களில் பெரும்பாலானோர் பேசாமல் விட்ட ஒரு பின்னணி உண்டு. பெண் பந்தாடுவது அன்றைய ஸ்காட்லாந்தில் வெறும் வேடிக்கை விஷயம் இல்லை. 1971இல் பெண்கள் கால்பந்தை அந்தந்த நாட்டுச் சங்கங்கள் ஏற்று நடத்த வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தியபோது, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஸ்காட்லாந்து. 1974இல்தான் அங்குள்ள சங்கம் இறங்கிவந்தது. அடுத்த ஆண்டே, ரோஸ் ரெய்லி என்ற அபாரமான ஆட்டக்காரிக்கு ஸ்காட்லாந்தில் வாழ்நாள் தடை விதித்தார்கள். அவர் அதற்கு முன்பே பிரான்ஸுக்குப் போய் ரீம்ஸ் அணிக்கு ஆடியிருந்தார், இத்தாலிக்குப் போய் மிலான் அணிக்கு ஆடினார், கடைசியில் இத்தாலியின் சட்டை போட்டு நாட்டுக்கு நாடு போட்டியிலும் ஜெயித்தார். சொந்த ஊரில் ஒருத்திக்குக் கிடைக்காத மைதானத்தை ஃபோர்சைத் தன் படத்தில் டோரதிக்குக் கொடுத்தார். அதற்காக ஒரு பிரசங்கம் கூட வைக்கவில்லை. பயிற்சியாளர் அரைமனதாக முனகுகிறார், பிறகு அவள் கால்களைப் பார்க்கிறார், அவற்றின் வேலையைப் பார்க்கிறார், வாயை மூடிக்கொள்கிறார். டோரதியாக நடித்த டீ ஹெப்பர்னுக்குக் கிளாஸ்கோவின் பார்ட்டிக் திஸ்டில் கால்பந்து அணியிடம் பயிற்சி கொடுத்தார்கள். அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. பந்து அவள் காலில் இருக்கும்போது வெட்டி ஒட்டி ஏமாற்ற வேண்டிய அவசியம் கேமராவுக்கு வரவில்லை.

படம் பிறந்த கதையும் லேசானதில்லை. ஃபோர்சைத் பதினேழு வயதிலேயே ஆவணப்பட நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பல் கட்டுவது, சாலை போடுவது என்று நிறுவனங்களுக்காக எடுக்கும் படங்களில் உழைத்துக் கை பழகியவர். கதைப்படம் எடுக்க ஆசை வந்தபோது கிளாஸ்கோ இளையோர் நாடகக் குழுவின் ஒத்திகைகளுக்குப் போய் மூலையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டார். அவர்களுக்காகவே இந்தத் திரைக்கதையை எழுதினார். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் தயாரிப்புக் குழுவிடம் பணம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். சும்மா இருக்காமல் அதே பிள்ளைகளை வைத்துச் சில ஆயிரம் பவுண்டில் 'தட் சிங்க்கிங் ஃபீலிங்' என்ற படத்தை 1979இல் எடுத்தார். வேலையில்லாத பையன்கள் சமையலறைத் தொட்டிகளைத் திருடும் கதை. அந்தப் படம் வாசலைத் திறந்துவிட்டது. மாமூன் ஹசன் தலைமையில் இருந்த தேசியத் திரைப்பட நிதிக் கழகமும் ஸ்காட்டிஷ் டெலிவிஷனும் சேர்ந்து 'கிரெகரிஸ் கேர்ள்' படத்துக்குப் பணம் போட்டன. 1999இல், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நூறு பிரிட்டிஷ் படங்கள் என்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ஒரு பட்டியல் போட்டது. அதில் இந்தப் படத்துக்கு 30ஆம் இடம். ஒரு காலத்தில் பணம் தர மறுத்த அதே நிறுவனம்!

படம் முழுக்கக் கம்பர்நால்டில் நடக்கிறது. கிளாஸ்கோவின் நெரிசலைக் குறைக்க 1955இல் அறிவிக்கப்பட்ட புதுநகரம் அது. காருக்குத் தனி வழி, நடப்பவருக்குத் தனி வழி என்று திட்டம் போட்டுக் கட்டினார்கள். நடைபாலங்களும் சுரங்கப்பாதைகளுமாக இருக்கும். பிற்காலத்தில் ஸ்காட்லாந்தின் மோசமான ஊர் என்று கேலி விருதெல்லாம் அந்த ஊருக்குக் கொடுத்து அவமானப்படுத்தினார்கள். இந்தப் படத்தைப் பார்த்தால் அந்தக் கேலி வாய்க்கு வராது. மைக்கேல் கோல்ட்டரின் ஒளிப்பதிவில் அங்கே எப்போதும் சாயங்கால வெயில், புல்சரிவு, நீளமான நடைபாதை. கார் குறுக்கிடாத பாதையில் பிள்ளைகள் ஆற அமரப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். திட்டமிட்ட நகரம் என்ற பழிச்சொல்லைத் தாங்கிய இடம் பதினாறு வயதுக்காரர்களுக்கு எவ்வளவு தோதாக இருந்திருக்கிறது என்று படம் போகிற போக்கில் காட்டிவிடுகிறது. வடக்கு இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் காட்ட வந்த பிரிட்டிஷ் படங்களில் பலவும் மழையும் கரியும் வறுமையுமாக இருந்த காலம் அது. விமர்சகர்கள் இந்தப் படத்தில் மூச்சு விட்டதற்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். படம் எடுக்கப்பட்ட ஏப்ரன்ஹில் உயர்நிலைப் பள்ளி 2014இல் மூடப்பட்டது; பிறகு இடித்துவிட்டார்கள்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கிரெகரிக்கு மேடலின் என்று ஒரு தங்கை. பத்து வயது. அண்ணனுக்குக் காதல் பாடம் எடுப்பவள் அவள்தான். எந்த உடை போடணும், எப்படிப் பேசணும், உன்மேல் உனக்கே அக்கறை இல்லாவிட்டால் அடுத்தவளுக்கு எப்படி வரும் என்றெல்லாம் கேட்பாள். ஒரு கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜிஞ்சர் பியரில் எலுமிச்சைச் சாறும் ஐஸ்கிரீமும் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறாள். குடிப்பதற்கு முந்தைய கணம்தான் ரொம்பப் பிரமாதம், வாயெல்லாம் கூசும், ஆனால் அதையே நீட்டிக்கொண்டிருக்க முடியாது என்கிறாள். சொல்லிவிட்டுக் குடிக்கிறாள். பத்து வயசுப் பிள்ளை பெரிய மனுஷி மாதிரி பேசுகிற காட்சி சினிமாவில் எளிதில் எரிச்சலாகிவிடும். இங்கே ஆகவில்லை. அலிசன் ஃபோர்ஸ்டர் அந்த வசனத்தைச் சாமர்த்தியமாகச் சொல்ல முயலவே இல்லை. எதிரே இருக்கும் டம்ளரில்தான் அவளுக்கு முழுக் கவனம். ஃபோர்சைத்தின் எழுத்து வேலைசெய்யும் முறையே இதுதான். பெரிய வாக்கியத்தைச் சொல்ல வைத்து, சொல்கிறவர் கையில் வேறு ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். ஸ்டீவ் என்ற பையன் கிரெகரியின் புலம்பலைக் கேட்டுக்கொண்டே மாவு பிசைவான். தலைமையாசிரியர், நடித்தவர் சிக் மரே என்ற புகழ்பெற்ற மேடை நகைச்சுவைக் கலைஞர், தன்பாட்டுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருப்பார். எட்டிப் பார்க்கும் பையன்களை விரட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

பள்ளித் தாழ்வாரத்தில் பென்குயின் உடை போட்ட ஒரு குழந்தை அலைந்துகொண்டிருக்கும். இந்த அறை இல்லை, அந்த அறைக்குப் போ என்று ஆசிரியர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஏன் அந்த உடை, என்ன விழா, ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

என் அக்கா மகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். முதலில் "மாமா, அந்தப் பென்குயின் யாரு? எதுக்கு வருது?" என்றாள். "பாரு, வரும்" என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் முறை பென்குயின் வந்தபோது கேள்வி வரவில்லை, சிரிப்பு வந்தது. பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அது உடனே புரிந்துவிடுகிறது என்று தோன்றியது. நம் வகுப்புக்கு வெளியே யாரோ யாருக்கோ எதற்காகவோ ஓடிக்கொண்டேதானே இருப்பார்கள்.

ஆனால் அவள் சொன்ன இன்னொன்று எந்த விமர்சனத்தையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது. "டோரதிக்கு அவனப் பிடிக்கலன்னு யாருமே சொல்லலியே மாமா. அவ வேலைய அவ பாக்குறா. அவளுக்குப் பந்து இருக்கு" என்றாள். மிகச் சரி. இந்தப் படத்தைப் பற்றி இப்போது எழுதுகிறவர்கள் சிலர், டோரதிக்கு உள்மனம் என்று ஒன்று காட்டப்படவே இல்லை, அவள் பையன்கள் பார்ப்பதற்கான உருவமாகவே நின்றுவிடுகிறாள் என்று குறை சொல்கிறார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. அவள் வீடு நமக்குத் தெரியாது, அவள் பயம் தெரியாது. ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது, கடைசிவரை அது மாறுவதும் இல்லை. கதாநாயகனைத் திரும்பிப் பார்க்காத குற்றத்துக்காக அவளைப் படம் தண்டிப்பதும் இல்லை. நாயகனைக் கண்டுகொள்ளாத பெண்ணைத் திமிர்பிடித்தவளாக்கி முடிவில் பணியவைக்கும் கதைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். டோரதி கடைசிவரை ஓடிக்கொண்டே இருக்கிறாள்.

நியாயமே இல்லாத காட்சியும் ஒன்று உண்டு. படம் தொடங்குவதே, ஒரு நர்ஸ் உடை மாற்றுவதைப் பையன்கள் புதரில் ஒளிந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதில்தான். அந்தக் காலத்து விமர்சகர்கள் இதைக் குறும்பு என்று தாண்டிப் போனார்கள். இன்று பார்க்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. பையன்களின் அறியாமையைத்தான் காட்டுகிறார், நர்ஸைக் கேலி செய்யவில்லை என்று வாதாடலாம். ஆனாலும் கேமரா அந்தப் பையன்களோடு சேர்ந்துதான் பார்க்கிறது. யாரையும் சிறுமைப்படுத்தாத படம் என்று மேலே சொன்னேன். அந்தச் சொல்லுக்கு இந்த முதல் சில நிமிடங்கள் விலக்கு. அக்கா மகளோடு பார்த்தபோது அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுத்தான் போட்டேன்.

அந்தத் தொடக்கத்துக்கு நேரெதிரானது படத்தின் பின்பகுதி. டோரதியைச் சந்திக்கக் கிரெகரி கடிகாரத்தடியில் காத்திருக்கிறான். கிளாஸ்கோவின் செயின்ட் ஈனாக் ரயில் நிலையத்தை இடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்து கம்பர்நால்டில் மாட்டிய பழைய கடிகாரம் அது. நண்பனிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டில் நிற்கிறான். டோரதி வரவில்லை. கேரல் வருகிறாள், டோரதிக்கு வேறு வேலை என்கிறாள், அவனைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். கொஞ்ச தூரத்தில் அவனை மார்கோவிடம் ஒப்படைக்கிறாள். மார்கோ கூட்டிப்போய் சூசனிடம் விடுகிறாள். சூசனுக்குக் கிரெகரியைப் பிடித்திருக்கிறது. அதற்காகத் தோழிகள் சேர்ந்து போட்ட ஏற்பாடு இது என்பது மெல்லப் புரிகிறது. இவன் நண்பர்கள் ஆண்டியும் சார்லியும், ஒரே சாயங்காலத்தில் இவன் கூட மூன்று வேறு வேறு பெண்கள் நடப்பதைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள். பையன்கள் தனித்தனியாகத் தத்தளிக்க, பெண்கள் கூடிப் பேசிக் காரியத்தை முடிக்கிறார்கள். முதல் காட்சியில் பெண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவன் இங்கே பெண்களால் பார்க்கப்பட்டு, எடைபோடப்பட்டு, தேர்ந்தெடுக்கப்படுகிறான். எனக்குத் தெரிந்து அன்றைய அமெரிக்கப் பள்ளி நகைச்சுவைகளில் இப்படி ஒரு திருப்பம் இல்லை.

சூசனாக நடித்த கிளேர் குரோகன் கிளாஸ்கோவில் ஓர் உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஃபோர்சைத்தின் கண்ணில் பட்டவர். படப்பிடிப்புக்கு முன் ஒரு விபரீதத்தில் முகத்தில் கண்ணாடி கீறிக் காயம்பட்டது. ஃபோர்சைத் அவரை மாற்றவில்லை. காயம் தெரியாத பக்கமாக வைத்துப் படம்பிடித்தார். கிரெகரியும் சூசனும் பூங்காப் புல்லில் மல்லாந்து படுத்துக் கைகளை மட்டும் ஆட்டி நடனமாடும் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். பூமி பயங்கர வேகத்தில் சுற்றுகிறது, ஆட்டத்தை நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்கிறான் கிரெகரி. கேமரா மெல்லச் சாய்கிறது. உண்மையாகவே அவர்கள் சரிவில் தொற்றிக்கொண்டிருப்பதுபோல் ஆகிவிடுகிறது. முத்தத்தைவிடப் பெரிய நெருக்கம் அந்தச் சாய்வில் இருக்கிறது.

1982இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ஸ்காட்லாந்து உச்சரிப்பு அங்குள்ளவர்களுக்குப் புரியாது என்று பயந்து, மென்மையாக்கி மறுகுரல் கொடுத்தே வெளியிட்டார்கள். அந்த வடிவத்தில் பார்த்தும் அங்குள்ள விமர்சகர்களுக்குப் படம் பிடித்துவிட்டது. ரோஜர் ஈபர்ட் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். பதின்வயதின் உண்மை இதில் எவ்வளவு இருக்கிறதென்றால், அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதைப் பார்ப்பது வலிக்கக்கூட வலிக்கலாம் என்ற பொருளில் எழுதினார். அன்று வந்த விமர்சனங்களில் எனக்கு நெருக்கமானது இதுதான். அழகு, இதம் என்று நிறுத்தாமல் வலி என்ற பக்கத்தையும் அவர் தொட்டுவிட்டார். ஜான் கார்டன் சின்க்ளேரின் கிரெகரியைப் பாருங்கள், நீளமான கைகால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் உடம்போடு மல்லுக்கட்டுவார். சிரிப்பு வருகிறது, கூடவே அந்த வயதில் நம் உடம்பும் நமக்கு அன்னியமாக இருந்தது ஞாபகம் வந்துவிடுகிறது.

ஃபோர்சைத் அடுத்து 1983இல் எடுத்த 'லோக்கல் ஹீரோ' அவரை உலகறியச் செய்தது. பிறகு ஹாலிவுட்டுக்குப் போய் எடுத்த 'பீயிங் ஹ்யூமன்' ஸ்டுடியோவின் வெட்டுக்கொத்தில் சிதைந்து 1994இல் வந்து விழுந்தது. 1999இல் கிரெகரியையே ஆசிரியராக்கி 'கிரெகரிஸ் டூ கேர்ள்ஸ்' எடுத்தார். முதல் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் இதை அவ்வளவாக ஏற்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. பதினாறு வயதில் மன்னிக்கக்கூடிய தடுமாற்றம் முப்பத்தைந்து வயது ஆசிரியரிடம், அதுவும் மாணவியை நினைத்துத் தடுமாறும்போது, அருவருப்பாகிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மறுகுரல் வடிவம் கையில் சிக்கினால் ஒதுக்கிவிடுங்கள். அசல் குரலிலேயே, ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். முதல் கால் மணி நேரம் உச்சரிப்பு காதில் பிடிபடாது, பிறகு பழகிவிடும். வசனம் பேசுகிறவரை மட்டும் பார்க்காமல் அவர்களுக்குப் பின்னால் ஜன்னலில், தாழ்வாரத்தில், மைதானத்து ஓரத்தில் என்ன நடக்கிறதென்றும் பாருங்கள். பேச்சே இல்லாத சார்லி பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். கிட்டத்தட்டப் படம் முழுக்க ஊமையாக ஆண்டியின் பின்னாலேயே நடக்கிறான். ஆண்டியோ, தென் அமெரிக்காவின் கராகஸ் நகரில் ஆண்களைவிடப் பெண்கள் எட்டு மடங்கு இருக்கிறார்கள் என்று நம்பி அங்கே போக லிஃப்ட் கேட்டு நெடுஞ்சாலையில் நிற்கிறான். கையில் பிடித்திருக்கும் அட்டையில் ஊர்ப்பெயரே தப்பு.